கல்வி அதிகாரி உம் கொட்டிய கதை

1. காலி பெஞ்சுகள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்பின் கடைசி இரண்டு பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அவை விடுதிப் பிள்ளைகளின் பெஞ்சுகள். கொல்லிமலையிலிருந்து வந்து, பள்ளியை ஒட்டியிருந்த அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள் அவர்கள். பொங்கலுக்கு மலை ஏறினார்கள், திரும்பி இறங்கவில்லை. வருடா வருடம் இதே கதைதான் என்று சக ஆசிரியர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள்.

நான் அப்போது நாமக்கல்லுக்கு வடக்கே மலையடிவாரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குச் சொந்த ஊர் எடப்பாடி. தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி வளர்ந்ததால் எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. எங்கள் தலைமையாசிரியருக்கு அதுவே பெரிய குறை. அவருக்குப் பள்ளிக்கூடம் என்றால் அமைதி. தினமும் வராந்தாவில் ஒரு சுற்று வந்து, "குண்டூசி உழுந்தாக் கேக்கோணுமுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார். குண்டூசி விழுந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது.

அன்று மதியம் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பாதியில் ஓடிப்போகிற பிள்ளைகளுக்கு எதற்கு விடுதி, மூடிவிட்டு டவுனோடு சேர்த்துவிடலாம் என்று மேலே பேச்சு அடிபடுகிறதாம். ஆண்டாய்வுக்கு வரும் கல்வி அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்வாராம்.

டவுன் விடுதிக்கு மலைக்காரர்கள் பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். எங்கள் விடுதி என்றால் சந்தைக்கு இறங்கும்போது எட்டிப் பார்க்கலாம் என்ற தைரியத்தில்தான் அனுப்பினார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவள் பெருமாயி. அவள் ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை வந்த முதல் பெண். டீச்சராக வேண்டும் என்று ஆசை. ஆனால் வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள்.

ஒருமுறை அவளை எழுப்பி, உங்கள் ஊர்க் கதை ஒன்று சொல் என்றேன். வகுப்பைப் பார்த்து, மூச்சு விடக்கூடாது என்று மிரட்டியும் வைத்தேன். பெருமாயி ஒரு வரி சொன்னாள். நிறுத்தினாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள். நாங்கள் மூச்சு விடாமல் காத்திருந்தோம். அவள் உட்கார்ந்துவிட்டாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

2. களத்துமேட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். பெருமாயியின் ஊருக்கு அப்புறம் நடை. போகிற வழியெல்லாம் பலா மரங்கள். யாரைக் கேட்டாலும், எல்லோரும் களத்தில் இருக்கிறார்கள் என்றார்கள்.

அகலமான பாறையில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் சுற்றி வந்தன. ஒரு பக்கம் பெண்கள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே என் ஊமைப் பெண் பெருமாயி உட்கார்ந்து, களம் முழுக்கக் கேட்கும்படி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வரி சொல்வாள். மாடு ஓட்டுகிறவர், புடைக்கிறவர்கள், என்னுடைய மற்ற மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து "உம்" என்பார்கள். அடுத்த வரி சொல்வாள். மறுபடி "உம்." வேலையும் அந்தத் தாளத்திலேயே நடந்தது.

என்னைப் பார்த்ததும் எழப் போனாள். நடத்து, நடத்து என்று கையைக் காட்டிவிட்டு, ஒரு கல்லில் அமர்ந்து, கல்லூரியில் சொற்பொழிவு கேட்பதுபோல அடக்கமாகக் கேட்டேன். கதை நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

பெருமாயியின் அப்பா மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"டீச்சரம்மாவுக்குக் கதை புடிக்கலீங்களா?"

"கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்."

"வாயில ஒண்ணும் வரலியே. பேசாம உக்காந்திருந்தா, போதும் நிறுத்துன்னு அர்த்தமுங்க. ஒருத்தர் அப்படி இருந்தாலும் நாங்க மேல சொல்ல மாட்டோம்."

எங்கள் எடப்பாடிப் பக்கமும் கதைக்கு உம் கொட்டுவதுண்டு. யாராவது ஒருவர் கொட்டினால் போதும், மற்றவர்கள் தூங்கினாலும் கதை ஓடும். இங்கே அப்படியில்லை. கேட்கிற ஒவ்வொருவரும் கொட்ட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. குண்டூசி விழுந்தால் கேட்கும் எங்கள் பள்ளிக்கூடம், காலையிலிருந்து மாலை வரை இந்தப் பிள்ளைகளைப் பார்த்து "போதும், நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் பிள்ளைகளை அனுப்பவில்லை என்று கேட்டேன். களத்து வேலை முடியட்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார், இங்கே வாயாடியாக இருக்கும் பிள்ளை அங்கே போனால் ஊமையாகித் திரும்புகிறது, அப்படி என்னதான் படிக்கிறார்களோ என்று. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரிதான். இந்தக் கதையை வகுப்பில் சொல்ல வைக்கிறேன், அனுப்புங்கள் என்றேன்.

"எங்க கதையவா? பள்ளிக்கூடத்துலயா?" என்றார். களமே சிரித்தது. ஆனால் சாமை மூட்டை கட்டியதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள்.

3. புளியமரத்து பீரியடு

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கதைக்கு என்று வைத்தேன். விதியை வகுப்புக்குச் சொன்னேன்: எல்லோரும் உம் கொட்ட வேண்டும், விட்டால் கதை நிற்கும். அடிவாரத்துக் கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சத்தம் போட அனுமதி கிடைத்ததே பெரிய கொண்டாட்டம். முதல் "உம்"மில் கூரை ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. மூன்றாவது "உம்"முக்குத் தலைமையாசிரியர் ஓடி வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இதென்ன வகுப்புங்களா, மாட்டுச் சந்தைங்களா?"

விளக்கிச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அமைதிக்குப் பாதகம் வராத தூரத்தில் நடத்திக்கொள்ளுங்கள் என்று மைதானத்துக் கடைசிப் புளியமரத்தைக் காட்டினார். நாடு கடத்தல்தான். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

அதன் பிறகு வகுப்பில் நடந்தது வேடிக்கை. மலைப் பிள்ளைகளைச் சீண்டிக்கொண்டிருந்தவர்கள், வியாழக்கிழமையே அவர்களிடம் போய் நாளைக்கு என்ன கதை என்று நச்சரிக்க ஆரம்பித்தார்கள். செய்யுள் பகுதியில் குறிஞ்சித்திணை வந்தது. தினைப்புனம், பரண், கிளி ஓட்டுவது என்று உரையைப் பார்த்து நான் ஒப்பிக்க, பின்பெஞ்சில் ஒருவன் எழுந்து, "இது எங்க காடுங்க டீச்சர்" என்றான். பாட்டில் வருவதும் தங்கள் ஊரில் நடப்பதும் ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தெரிந்ததும் செய்யுள் பகுதிமேல் இருந்த பயம் போயிற்று. சொன்ன கதையையே கட்டுரையாக எழுதச் சொன்னேன். எழுத்துப்பிழை ஏராளம்தான், ஆனால் பக்கம் போதவில்லை.

சந்தைக்கு மிளகும் பலாவும் கொண்டு இறங்கும் பெற்றோர், திரும்புகிற வழியில் புளியமரத்தடியில் நின்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்கள் சும்மா நிற்கவில்லை. அந்தக் கதை எங்கள் ஊரில் வேறு மாதிரி என்று சண்டைக்கு வந்தார்கள். வாருங்கள், உட்கார்ந்து சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள்.

4. ஆண்டாய்வு

கல்வி அதிகாரி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சிரிப்பை வீட்டிலேயே பூட்டிவிட்டு வருபவர் என்று பெயர். தலைமையாசிரியர் முந்தின நாளே எல்லோரையும் எச்சரித்துவிட்டார். அதிகாரி எங்கள் வகுப்புக்கு வந்து, நாற்காலியைப் பின்னால் போடச் சொல்லி உட்கார்ந்து, விடுதிப் பிள்ளை யாராவது ஏதாவது சொல்லட்டும் என்றார். நான் யாரை எழுப்பலாம் என்று பார்ப்பதற்குள் பெருமாயி தானாகவே எழுந்தாள்.

"ஒரு ஊருல ஒருத்தன் சாமை வெதச்சான்" என்றாள். தலைமையாசிரியரின் முறைப்பையும் மீறி வகுப்பு மெல்லிய குரலில் உம் கொட்டியது. அவள் நிறுத்தினாள். அதிகாரியைப் பார்த்தாள். மறுபடி அதே வரியைச் சொன்னாள். மறுபடி நிறுத்தினாள்.

"ஏன், மறந்துபோச்சா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க ஐயா. நீங்க உம் கொட்டலீங்க."

தலைமையாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் முன்னே வந்து வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அதிகாரி கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமினார். "உம்" என்றார், கையெழுத்துப் போடுவதுபோல.

கதை நகர்ந்தது. சாமை விதைத்தவனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. காட்டுக்குக் காவல் ஆளில்லை. கரடியைக் கேட்டான். கல்யாணச் சோறு கொண்டு வந்தால் காவல் இருக்கிறேன் என்று கரடி பரணில் ஏறிக்கொண்டது. பன்றியை விரட்டியது, மயிலை விரட்டியது, சும்மா பார்க்க வந்த அவன் மச்சானையும் விரட்டியது. அந்த இடத்தில் அதிகாரியின் "உம்" வகுப்பின் "உம்"மைவிடப் பெரிதாக வந்தது. ஜீப் டிரைவர் நேரமாகிறது என்று சொல்ல வாசலுக்கு வந்தார். பெருமாயி கதையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "நீயும் கொட்டுய்யா, கதை நிக்குது பாரு" என்றார் அதிகாரி.

கல்யாணத்துக்குப் போனவன் வெறுங்கையோடு வந்து, சோற்றை மறந்துவிட்டேன், நீ இறங்கிப் போ என்றான். சொன்ன கூலி வந்தால்தான் இறங்குவேன் என்று கரடி பரணிலேயே உட்கார்ந்துகொண்டது. மழை வந்தது, வெயில் வந்தது, கரடி இறங்கவில்லை. கடைசியில் அவன் தன் மகள் கல்யாணத்தை அந்தக் காட்டிலேயே பந்தல் போட்டு நடத்தினான். கரடி முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போயிற்று.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்ததில் கண்ணில் நீர். பிறகு நினைவு வந்தவராக முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார்:

"பொங்கலுக்குப் போனா திரும்பி வர்றதில்லையாமே நீங்க?"

"இனி வருவமுங்க ஐயா. விடுதியைத் தொறந்து வெச்சிருந்தீங்கன்னா."

"மூடினா?"

பெருமாயி கொஞ்சம் யோசித்தாள். "கரடி மாதிரி உக்காந்துக்குவமுங்க" என்றாள்.

ஜீப்பில் ஏறுமுன் அவர் தலைமையாசிரியரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. விடுதி இங்கேயே இருக்கட்டும், வகுப்பில் இன்னும் கொஞ்சம் சத்தம் இருந்தாலும் தப்பில்லை. தலைமையாசிரியர் அன்றிலிருந்து குண்டூசியைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த பொங்கலுக்கு அப்புறம் பிள்ளைகளைப் பெற்றோரே கையோடு கொண்டு வந்து விட்டார்கள். பெருமாயியின் அப்பா கூடவே பருவம் தப்பிப் பழுத்த ஒரு பலாப்பழமும் கொண்டு வந்தார்.

5. மலையில் ஒரு வகுப்பு

எண்பதுகளின் கடைசியில் நான் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பெருமாயி வந்து அழைத்தாள். ஆசிரியப் பயிற்சி முடித்து, தன் ஊரை அடுத்த பள்ளியிலேயே டீச்சராகச் சேர்ந்திருந்தாள். ஊர்க்காரர்களே கல் சுமந்து ஒரு கொட்டகை கட்டியிருந்தார்கள். வாரம் ஒருநாள் பெரியவர்களும் அதில் வந்து உட்காருகிறார்கள், கதைகளைப் பிள்ளைகள் எழுதிப் படித்துக் காட்டுகிறார்கள், பள்ளியைப் பாதியில் விட்டு யாரும் நிற்பதில்லை என்றாள்.

நான் போன அன்று எனக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். சின்னப் பெண் ஒருத்தி எழுந்து, "ஒரு ஊருல ஒருத்தன் சாமை வெதச்சான்" என்றாள். கொட்டகை முழுக்க "உம்" என்றது. அந்தச் சத்தத்தில் நான் இருக்கும் இடத்தையே மறந்துவிட்டேன். களத்துமேடு, புளியமரம், சுவரைப் பிடித்துக்கொண்ட தலைமையாசிரியர் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அந்தப் பெண் மறுபடி அதே வரியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் திரும்பித் தன் டீச்சரைப் பார்த்தாள்.

பெருமாயி சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தாள். "உங்களாலதான் டீச்சர் கதை நிக்குது" என்றாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான்: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு வரி சொல்லிவிட்டு நின்றால், அதற்கு அடுத்த வரி தெரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் உம் கொட்டினீர்களா என்று பாருங்கள்.

அன்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடப்பாடித் தறிகளுக்கு மேலே கேட்கும் குரலில் "உம்" என்றேன். கதை நகர்ந்தது.