புதிதாகவே இருந்த செருப்புகள்

அடுப்படியிலிருந்து தையல் மெஷின் வரை தரையில் சிவப்பாக ஏதோ சொட்டியிருந்தது. "குங்குமத் தண்ணிய யாருங்க இப்படி ஊத்தி வச்சது?" என்று வீட்டுக்காரரிடம் கத்திக்கொண்டே துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் புதிதாக வந்தது. அவர்தான் என் காலைப் பார்த்தார்.

"அம்சா, உட்காரு. ரத்தம் உன்னுதுதான்."

வலது பாதத்தில் உடைந்த மெஷின் ஊசி ஏறியிருந்தது. எனக்குத் துளி வலி இல்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதுசு அது. வாசலையொட்டிய அறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கழுத்து வெட்டுவதில் என்னை அடிக்க எங்கள் தெருவில் ஆளில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் பாதத்தைத் தொடுவாராம், தொட்ட இடத்தை நான் சொல்ல வேண்டுமாம். வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "ஆரம்பிக்கலையாங்க?" என்று கேட்டேன். "முடிச்சிட்டேம்மா" என்றார்.

தொழுநோய். வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன். நோய்க்காக அழுததைவிட, தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் அழுதேன்.

கூட்டு மருந்து சிகிச்சை (பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது) தொடங்கியது. அந்த மருந்தில் தோல் கறுத்தது, வெயிலைக் காரணம் சொல்லிச் சமாளித்தேன். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. கிருமி போனது. ஆனால் செத்த நரம்பு பிழைக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கு உணர்ச்சியில்லாத தேமல் ஏதாவது இருந்தால், என்னைப்போல் ஊசி ஏறும்வரை காத்திருக்காதீர்கள். சீக்கிரம் போனால் நரம்பு தப்பும்.

எனக்குக் கால் மரத்தது மரத்ததுதான். பாதப்புண் (மரத்த பாதத்தில் அழுத்தம் தெரியாமல் வரும் ஆழமான புண்) வந்து வந்து போனது. எலும்பைத் தொட்டுவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டரம்மா. கால் போனால் மெஷின் மிதிப்பது எப்படி? புண் வராமலிருக்க ஆஸ்பத்திரியில் ஒரு செருப்பு கொடுத்தார்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் கெட்டியான டயர், மேலே பட்டை பட்டையாகக் கறுப்பு வார். ஆணி கிடையாது. காலுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது யார் போடுகிற செருப்பு என்று தெரியும்.

அதை ஒயர் கூடையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையை வைத்துத்தான் கொண்டுபோவேன். ஆஸ்பத்திரி வாசல் புளியமரத்தடியில் என்னைப்போலவே பெண்கள் பைகளைத் திறந்து செருப்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டோம். திரும்பும்போது மறுபடி பைக்குள் போய்விடும்.

ஒருநாள் டாக்டரம்மா செருப்பைக் கழற்றச் சொல்லி, திருப்பிப் பார்த்தார். அடுத்தவளுடையதையும் பார்த்தார்.

"ஒரு வருஷமா போடுற செருப்பு, அடி தேயவே இல்லையே. எல்லாரும் காத்துல நடக்குறீங்களா?"

எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"போடலைங்க டாக்டர். போடவும் மாட்டோம்." பக்கத்திலிருந்த பச்சையம்மா என் முந்தானையை இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. "இத வாசல்ல விட்டா நாளைக்கு எவ துணி எடுத்துக்கினு வருவா? செருப்பு போடலைன்னா கால் போவும். போட்டா பொழப்பு போவும். எது போகட்டும்னு நீங்களே சொல்லுங்க!"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு, "அப்போ எப்படி இருந்தா போடுவீங்க?" என்றார். அத்தனை நாளில் எங்களிடம் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த முறை ஆளாளுக்கு ஆசைப்பட்ட செருப்போடு வந்தோம். ஆஸ்பத்திரியில் செருப்பு தைக்கும் கோபால் அண்ணன் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். "விரல் இடுக்குல வார் வேணாம்மா, புண்ணாயிடும். குதிகால் வார் இல்லன்னா கழண்டு விழுறதே தெரியாது." நாங்கள் சண்டை பிடித்தோம். அவரும் விடவில்லை. கடைசியில் குறுக்கு வார், மெல்லிய குதிகால் வார், காலேஜ் பெண்கள் போடுவதுபோல அரக்கு நிறம் என்று முடிவானது. அடி ரப்பரின் கனத்தை இரண்டு நிறத்தில் அடுக்கி ஃபேஷனாக்கிவிட்டார்.

முதல் ஜோடியைச் சித்தாள் வேலைக்குப் போட்டுப்போன பச்சையம்மா, சுண்டுவிரலில் கொப்புளத்தோடு வந்து சிரித்தாள். "கடிச்சதே தெரியலைங்க. ஆனா ரெண்டு பேரு எந்தக் கடைனு கேட்டாங்க!" டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வாரைப் புரட்டிப் பார்த்தேன். விளிம்புத் தையல் தோலில் உரசியது. மடிப்பை மேல்பக்கம் திருப்பித் தைக்கச் சொன்னேன். கோபால் அண்ணன் முனகிக்கொண்டே பிரித்தார். அந்த வாரில் என் மூளையும் இருக்கிறது, பச்சையம்மாவின் தோலும் இருக்கிறது. வீட்டுக்குள்ளே போட இன்னொரு ஜோடியும் கேட்டு வாங்கினோம். எனக்கு ஊசி ஏறியது ரோட்டிலா, என்ன?

செருப்பு தேய ஆரம்பித்தது. புண் ஆறியது.

அப்போதிருந்து தினமும் மாலையில் வேலையை நிறுத்திக் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பேன். மற்றவர்களுக்குக் கால் வலித்துச் சொல்லும். என்னுடையதை நான்தான் போய் விசாரிக்க வேண்டும். அதைப் பார்த்து முடித்தால்தான் எனக்கு அன்றைய பொழுது முடியும்.

சில வருடம் கழித்து, செங்கம் ரோட்டு மண்டபத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வாசல் குவியலில் என் செருப்பைக் காணோம். பழசெல்லாம் கிடக்கிறது, என்னுடையது மட்டும் இல்லை. வீட்டுக்காரர் பதறிப்போய்த் தேடினார்.

"யாரோ போட்டுக்கினு போயிட்டாங்க அம்சா!"

"என்னது? இன்னொரு தரம் சொல்லுங்க."

"உன் செருப்ப திருடிட்டாங்கடி!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மண்டப வாசலில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். உச்சி வெயில். சிமெண்ட் தரை கொதித்திருக்கும். என் கால் சொல்லாது, எனக்குத் தெரியும். நிழலைவிட்டு ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. "போய் ஆட்டோவ படிகிட்டயே கூட்டிக்கினு வாங்க" என்றேன்.

ஆட்டோவில் காலைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எந்த மகராசியோ, நல்ல காலுள்ளவள், அத்தனை செருப்பில் தேடிப்பிடித்து எங்கள் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு இந்த ஊரில் நடக்கிறாள். நன்றாக நடக்கட்டும்.