பதில் மிஸ்

போன சனிக்கிழமை முசரவாக்கத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, நீங்கள் யார் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம்தான் பதில் இல்லை.

பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாக ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சில மாதம் பாடம் எடுக்கப் போயிருந்தேன். மேடையில் பேசிப் பழகிய வாய்... ஒரு வகுப்பைச் சமாளிக்க முடியாதா என்று நினைப்பு. முதல் வாரமே தொண்டை கட்டிவிட்டது. நான் கத்தக் கத்த அவர்கள் சத்தமும் ஏறியது. என் பெயர்கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 'பதில் மிஸ்' – அவ்வளவுதான். எனக்கு முன்பே இரண்டு பதில் மிஸ் வந்து போயிருந்தார்களாம்.

குரல் சுத்தமாகப் போன அன்று, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நீங்களே நடத்துங்கள் என்று சைகை காட்டினேன். சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கரும்பலகைக்குப் போய்ப் பின்னக் கணக்கு போட ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் கோமதி. எதைக் கேட்டாலும் 'தெரில மிஸ்' என்பதைத் தவிர வேறு பேசாத பெண்.

"மிஸ், ஒண்ண பாதியாக்கி, அதையும் பாதியாக்கிக்கினே போனா, எப்ப ஒண்ணுமே இல்லாம ஆவும்?"

ஆகவே ஆகாது என்று கிசுகிசுத்தேன். அவள் நம்பவில்லை. மறுநாள் பேப்பரை வெட்டி வெட்டிப் பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டாள். அதன்பின் தினமும் ஏதாவது கேள்வி. எனக்கோ தலைகால் புரியாத பெருமை!

டீச்சர் திரும்பி வந்தார். நான் கிளம்பினேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் கோமதியின் வகுப்புத் தோழியைப் பார்த்தேன். கோமதி பள்ளியை விட்டு நின்றுவிட்டாளாம். அம்மா இல்லாத வீடு. அக்கா கம்பெனி வேலைக்குப் போகிறாள், அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பள்ளியிலிருந்து ஆள் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

நான் பேசினால் கேட்பார்கள் என்று முசரவாக்கத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, சேர் போட்டு, கலர் வாங்கிவரச் சொன்னார். அவள் எவ்வளவு புத்திசாலி, படிப்பை விட்டால் எவ்வளவு நஷ்டம் – எல்லாம் பேசினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பள்ளியிலிருந்து அனுப்பினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்போது அங்கேதான் வேலையா? அதுவும் இல்லை.

"அப்ப நீங்க யாரும்மா? தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு அது ஸ்கூலுக்குப் போனா, நீங்க அங்க இருக்கப் போறீங்களா? இங்க கொழந்தைய யாரு பாக்கறது?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கலரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

கோமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை வந்தாள். ஏதாவது கேட்பாள் என்று நின்றேன்.

"டவுன் பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும் மிஸ்."

வாய் திறக்காத பிள்ளையைப் பேச வைக்க ஆயிரம் வழி இருக்கிறது. பேச வைத்துவிட்டுப் போய்விடுகிறோமே... அதற்கு?