மெட்ராஸ் கேப்சூலும் கல்கத்தா மாத்திரையும்

என் மூத்தாரை, அதாவது என் கணவரின் அண்ணனை, எனக்குப் பிடிக்காது. ஆள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, இப்போதும் பிடிக்காது. செத்துப்போனார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நல்லவராக்கிவிடும் பெருந்தன்மை எனக்கு வாய்க்கவில்லை. போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரில் அவருக்கு மளிகைக் கடை. தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் வீட்டில் என்ன சமைப்பது என்பது வரை கடையில் உட்கார்ந்தபடியே அவர் முடிவு செய்வார், இவரும் தலையாட்டுவார். நான் ஏதாவது சொன்னால், பொம்பளைக்கு என்ன தெரியும் என்று இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் இவருக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. கால் வீங்கி, நடந்தால் மூச்சு வாங்கியது. மெயின்லேண்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். அப்போது புறப்பட இருந்தது கல்கத்தா கப்பல், அதனால் கல்கத்தாவில் வைத்தியம் நடந்தது. மெட்ராஸ் கப்பல் நின்றிருந்தால் மெட்ராஸில் நடந்திருக்கும். எங்கள் ஊரில் டாக்டரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கப்பல் தேர்ந்தெடுக்கும். ரத்தம் மறுபடி கட்டாமல் இருக்க தினம் ஒரு சிறிய மாத்திரை கொடுத்தார்கள். மாதம் தவறாமல் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்து, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கிறது, எண்ணெய், நெய், தேங்காயைக் குறையுங்கள் என்றார்கள்.

தேங்காயைக் குறைப்பதா? அந்தமானில்? மூத்தாருக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. வங்காளி டாக்டருக்கு மீன் எண்ணெயைத் தவிர வேறென்ன தெரியும், நான் மெட்ராஸில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். சரக்கு எடுக்க அடுத்த கப்பலில் போனவர் அப்படியே செய்தார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆஸ்பத்திரியில் கலக்கிக் கொடுக்கும் மிக்ஸ்சரின் மேல் மதிப்பே கிடையாது. கப்பலில் வருவதுதான் மருந்து. யார் ஊருக்குப் போனாலும் அவரிடம் நம் வியாதியைச் சொல்லி அனுப்புவோம். அவர் அங்கே டாக்டர் முன்னால் உட்கார்ந்து நமக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லி, மருந்து எழுதி வாங்கி, துணிமணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவார். வியாதிக்காரர் இங்கே, வியாதியைச் சொல்கிறவர் அங்கே. இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. உபகாரம் என்றுதான் நினைத்தார்கள்.

மூத்தார் கொண்டுவந்தது ஒரு பாட்டில் கேப்சூல். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை இது கரைத்துவிடும், இனிமேல் தேங்காய்ச் சட்னியை ஒரு பிடி பிடிக்கலாம் என்று கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து அறிவித்தார். மூத்தாருக்கு எதிரே நின்று பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் சொன்னேன், ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று. மெட்ராஸில் பெரிய டாக்டர் எழுதியதை இந்த ஊர் டாக்டரிடம் காட்டி அவமானப்படுத்துவதா என்று அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். இவர் என்னைப் பார்த்து, சரி, சாப்பிடவில்லை, போதுமா என்றார். நம்பினேன்.

பாட்டில் கடைக்குப் போய்விட்டது. இவரும் தினம் அலுவலகம் விட்டதும் கடைக்குப் போனார். அண்ணன் தம்பி டீ குடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீயோடு கேப்சூலும் உள்ளே போனது எனக்குத் தெரியாது.

முதலில் கையில் நீலமாகக் கன்றியிருந்தது. எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டால் நினைவில்லை என்றார். பிறகு பல் விளக்கும்போது துப்புவதெல்லாம் சிவப்பாக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கரடியாகக் கத்தினேன். அந்த மாதம் ரத்தம் கொடுக்க வேண்டிய நாளில் அண்ணனோடு வண்டூருக்கு மீன் வாங்கப் போய்விட்டார். உஷ்ண உடம்பு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும் என்று அண்ணன் சொன்னாராம். அண்ணன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு ஏது?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, மூக்கிலிருந்து ரத்தம் கொட்டத் தொடங்கியது. ஈரத்துணி, தலையில் தண்ணீர், மூக்கைப் பிடித்து அழுத்துவது எல்லாம் செய்து பார்த்தேன். நிற்கவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார். சேதி கேட்டு மூத்தாரும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரும் வங்காளிதான், ஆனால் எங்கள் எல்லோரையும் போல ஊர் இந்திதான் பேசுவார். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டே, கல்கத்தா மாத்திரையைத் தவிர வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அண்ணன் முந்திக்கொண்டார்.

"நஹி சாப், அவுர் குச் நஹி."

வேறு ஒன்றும் இல்லையாம். தலைவலி மாத்திரை? அதுவும் இல்லையாம். டாக்டர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இவருடைய சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பையில் ஏதோ தட்டுப்பட்டது. மளிகைக் கடையில் ஏலக்காய் மடித்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் அந்தக் கேப்சூல். மறுநாள் ஞாயிறு, கடை திறக்காது. ஞாயிற்றுக்கிழமைக்கானதை அண்ணன் முன்னாலேயே மடித்துக் கொடுத்திருக்கிறார். அத்தனை அக்கறை!

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தார் முகத்துக்கு நேரே பேசியிராத நான் அன்றைக்குப் பேசினேன்.

"மாமா, பொய் சொல்லாதீங்க. ரத்தம் இன்னும் நிக்கல."

பொட்டலத்தை டாக்டரின் மேஜையில் வைத்தேன். இது எதற்கென்று கேட்டார், கொலஸ்ட்ராலுக்கு என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. இரண்டும் தனித்தனியாக நல்ல மருந்துதான், ஆனால் இது உள்ளே போனால் அந்த மாத்திரையின் வேகம் கூடிவிடும், ரத்தம் உறையவே உறையாது, சேர்த்துக் கொடுப்பதானால் மாத்திரையைக் குறைத்து அடிக்கடி ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னார். பிறகு மூத்தாரிடம் திரும்பி, எழுதிக்கொடுத்த டாக்டர் வேறு மருந்து உண்டா என்று கேட்கவில்லையா என்றார்.

மூத்தார் டாக்டரைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "கேட்டாருடா. ஒண்ணும் இல்லைன்னுட்டேன். கல்கத்தா பேச்சை எடுத்தா, அங்கேயே போய்க் கேளுன்னு விரட்டிருவாருன்னு நெனச்சேன்."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் இந்தியில் எடுத்துச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். டாக்டர் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நர்ஸ், வாசலில் நின்ற ஜீப்காரர் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நிமிஷம் மனசு குளிர்ந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

ரத்தம் மெல்ல நின்றது. மூத்தார் போய்விட்டிருந்தார். கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூக்கில் பஞ்சோடு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, இவர் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

"ஆயிரம் இருந்தாலும் என் அண்ணன். நாலு பேரு முன்னாடி இப்படித் தலைகுனிய வச்சிட்டியே."

அதற்குப் பிறகு மூத்தார் எங்கள் வீட்டுக்கு ஏறி வரவில்லை. இவர் மட்டும் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கேப்சூல் பாட்டிலைக் கடைக்கு நானே போய்க் கேட்டு வாங்கி வந்து கடலில் எறிந்தேன். தலைவலி மாத்திரையும் ரத்தத்தை உறைய விடாது என்று டாக்டர் சொன்னார், அதையும் வீட்டிலிருந்து ஒழித்தேன். கல்கத்தா மாத்திரை மட்டும் என் பெட்டியில், என் சாவியில் இருந்தது.

இவருடைய மனத்தாங்கல் கடைசிவரை தீரவில்லை. தினம் காலையில் என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுவார். மாத்திரையை வைப்பேன். பேச்சு கிடையாது. பேசாவிட்டால் போகட்டும். தண்ணீர் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். அப்படியே இன்னும் பல வருஷம் என்மேல் கோபத்தோடு உயிரோடு இருந்தார்.