மேல் வரியில் மூன்று ஏ

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் நான் எழுதவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

தேயிலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் மலையூரான தானா ராத்தாவில் ஒரு காப்பிக்கடையில் சேர்ந்தேன். காலையில் கூட்டித் துடைப்பது, பிறகு கோப்பை கழுவுவது. சுற்றுலாக்காரர்கள் வரும் கடை அது. பழைய சாமான்களை வைத்து அலங்காரம் செய்திருந்தார்கள். நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் தூக்கிப் போட்ட மாதிரித் தகரக் குவளைகளை அங்கே ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். முதலாளியம்மா சின்னப் பெண். லெம்பா பெர்த்தாமில் பூத்தோட்டம் வைத்திருப்பவரின் மகள். என்னைப் பாட்டி என்றுதான் கூப்பிடும்.

ஒருநாள் மலைக்குக் கீழே இருக்கும் ஈப்போவிலிருந்து லோரியில் ஒரு விளையாட்டு மிசினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பீரோ உயரம் இருக்கும். மேலே கண்ணாடித் திரை, கீழே ஒரு குச்சி, இரண்டு பொத்தான். குச்சியால் விமானத்தை நகர்த்த வேண்டும். ஒரு பொத்தான் சுடுவதற்கு, இன்னொன்று பெரிய வெடிகுண்டுக்கு. எங்கள் ஊர்க் குளிரில் காலையில் திரையெல்லாம் ஈரம் பூத்துவிடும், பொத்தானும் அமுக்கினால் எழும்பாது.

"பாட்டி, வந்ததும் சுவிட்சப் போட்டு விட்டுடுங்க, சூடாவட்டும். பொத்தான் ஒட்டிக்குதான்னு கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்க" என்றது முதலாளியம்மா.

"ஒடஞ்சிடுச்சின்னா?"

"ஒடஞ்சா ஒடையட்டும் லா. உங்க மகன் வயசு மிசின் அது."

அதனால் ஆடினேன். கடை திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம், நானும் அந்த மிசினும்தான். திரையின் அடியில் நம்முடைய சின்ன வெள்ளி விமானம் இருக்கும். வானம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். நட்சத்திரம், பாறை, எதிரி விமானங்கள் எல்லாம் அதோடு சேர்ந்து இறங்கும். நாம் சுட்டுக்கொண்டே மேலே போக வேண்டும். முதல் வாரம் நான் கண்ணைச் சிமிட்டுவதற்குள் செத்தேன். மிசின் மூன்று உயிர் கொடுக்கும், மூன்றும் போய்விடும். சிரிப்புதான் வரும். பார்க்க ஆள் இல்லாததால் வெட்கம் இல்லை.

பிறகு ஒருநாள் புரிந்தது. நான் என் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுக்க வந்த புதுப் பெண்களும் இப்படித்தான், தங்கள் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொழுந்து வெட்டக் கத்தரியும், இரண்டு பேர் பிடிக்கும் மிசினும் வருவதற்கு முன்பு நாங்கள் கையால் எடுத்தோம். நிரை பிடித்து மலையில் ஏறும்போது கண் இரண்டு செடி தள்ளித்தான் இருக்க வேண்டும். எங்கே பள்ளம், எங்கே குளவிக்கூடு, எங்கே கொழுந்து கூடுதல் என்று கண் முன்னால் போகும். கை தன்பாட்டில் பின்னால் வரும். நான் திரையின் மேல் பாகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். குண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை, குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தேன். கை தானே அங்கே போனது.

அப்புறம் எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. விடிவதற்குள் எழுந்து, மருமகளுக்குச் சத்தம் கேட்காமல் கிளம்பி, முதல் பஸ்ஸில் போய்விடுவேன். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரிய கப்பல் வரும். அதை அடித்தால் அடுத்த கட்டம். மூன்று, ஐந்து, ஏழு என்று போய், ஒருநாள் எட்டாவது கட்டத்துக் கப்பலையும் அடித்தேன். அன்றைக்குக் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். யாரிடமாவது சொல்லலாமா என்று இருந்தது. என்ன என்று சொல்வது?

ஆட்டம் முடிந்ததும் மிசின் பெயர் கேட்கும். மூன்று எழுத்துப் போட இடம் இருக்கும். குச்சியைத் திருப்பினால் எழுத்து மாறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பொத்தானை மூன்று தரம் அமுக்குவேன், ஏ ஏ ஏ என்று விழும். கொஞ்ச நாளில் பட்டியலில் மேலே இருந்த ஐந்து வரியும் மூன்று ஏதான்.

என் மகன் நாற்பது வயதுக்காரன். சுற்றுலாக்காரர்களைத் தேயிலை மலைக்கு ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறான். ஆள் கிடைக்கும் வரை எங்கள் கடையில்தான் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் முதலாளியம்மா பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடையில் இருந்தவர்களை எல்லாம் கேட்டது.

"யாருப்பா இந்த ஏ ஏ ஏ? ஈப்போவுலகூட இவ்வளவு யாரும் எடுக்கலயாம்."

மகனின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கும். "வேற யாரு? நான்தான் லா" என்றான். வேடிக்கைக்குச் சொல்வது போலத்தான் சொன்னான். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் தோளில் தட்டினார். அவனை அப்படி யாரும் பார்த்து நான் கண்டதில்லை. அவனும் கண்டதில்லை போல. அதற்குப் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எப்படி ஆட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தான். நான் சாயங்கால வேலையாகக் கோப்பைகளோடு பின்கட்டுச் சன்னல் அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "அது நான் ஆடுனதுடா."

"நீயா? டிவி ரிமோட்ட அமுக்கச் சொன்னாவே பேத்தியக் கூப்புடுவ."

"நாளைக்குக் காலையில வந்து பாரு."

வந்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாத்தேன்" என்றான்.

"அப்போ சொல்லிடுறியா?"

"இப்ப போயி எப்படிம்மா சொல்றது? என் மானம் என்னாவுறது? உனக்கென்ன, நீ யார் முன்னாடியும் வரவே மாட்ட. நான்தான் நாலு பேரு மூஞ்சியில முழிக்கணும்."

அவன் சொன்னது பொய்யும் இல்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் வராது, பக்கத்தில் நிற்கிறவள்தான் "இருக்கா, இருக்கா" என்பாள். ஆனால் யார் முன்னாலும் வராதவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவன் எப்படி முடிவு கட்டினான்? அவனுக்கு இன்னும் சோற்றைப் போட்டுக் குழம்பையும் ஊற்றினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மகனை ஆடச் சொன்னார்கள். ஸ்டேரிங் பிடித்துக் கை சுளுக்கிக்கொண்டது என்று மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தான். அந்தத் துணி என் பழைய சேலைக் கிழிசல். மிசின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். முதலாளியம்மா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது. அதைத் துடைப்பதும் என் வேலைதான்.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒருநாள் மழை. கடையில் இரண்டு மேசையில்தான் ஆள். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் முதலாளியம்மாவிடம், "ம்மா, அந்த மூணு ஏ நான் போட்டது" என்றேன்.

அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. கோபமோ கேலியோ இல்லை. "பாட்டி, மகன் ஜெயிச்சா நீங்க ஜெயிச்ச மாதிரிதானே" என்றது.

"இல்லம்மா. நான் ஆடுனேன். ஆடிக் காட்டட்டா?"

"ஆடுங்களேன்" என்று பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டது. அவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். மூச்சு கழுத்தில் படுகிற மாதிரி இருந்தது. நான் மேலே பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தேன். சுருங்கிப்போன, சோப்புத் தண்ணீரில் ஊறிப்போன கை. இதையா எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்குள் ஓர் உயிர் போனது. இரண்டாவதும் போனது. முதல் கட்டத்திலேயே, சின்னப் பிள்ளையும் சாகாத இடத்தில்.

அந்த நேரம் பார்த்து என் மகன் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தான். யாரோ, "பாத்தீங்களா, உங்கம்மா உங்களுக்குப் போட்டியா வந்துட்டாங்க" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று அந்த ஒரு நொடி நம்பினேன்.

பக்கத்தில் வந்தான். என் கைமேல் தன் கையை வைத்து, "இப்படிப் புடிக்கணும்மா" என்றான்.

அந்தக் கடைசி உயிரையும் அவன் கைதான் கொன்றது. கீழே வந்த முதல் விமானத்திலேயே போய் இடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். "பரவால்ல பாட்டி, சூப்பர்" என்று ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.

இப்போதும் அங்கேதான் வேலை. காலையில் சுவிட்சைப் போடுகிறேன், திரையைத் துடைக்கிறேன், இரண்டு பொத்தானையும் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறேன். ஆடுவதில்லை. ஈப்போக்காரர்கள் வந்து வந்து ஆடி, மூன்று ஏ நாலாவது வரிக்கு இறங்கிவிட்டது. முதலாளியம்மா அதைச் சொல்லி, "என்ன அண்ணே, விட்டுட்டீங்க?" என்று மகனைக் கேட்டது. "வயசாயிடுச்சி லா" என்றான். வீட்டில் அவனும் நானும் சண்டை போடவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத்தான் முடியவில்லை. திருட்டுக் கொடுத்தவள் ஏன் தலை குனிய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நான் பெற்றவன் அல்லவா.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். அந்த ஆட்டம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். எட்டாவது கட்டத்துக் கப்பல் வந்தவுடன் சுடாது. ஆறு எண்ணும் வரை சும்மா நிற்கும், பிறகு இடது பக்கத்திலிருந்து மட்டும் மூன்று தரம் சுடும், அப்போது வலது மூலையில் ஒட்டிக்கொண்டால் பிழைக்கலாம். எனக்கு ஞாபகம் இருப்பது இப்படித்தான். ஆறா, ஏழா என்பதில்தான் சந்தேகம். அதுவரை போனவர்களுக்குத்தான் இது தெரியும், அவர்களைக் கேளுங்கள். என் மகனைக் கேட்க வேண்டாம்.