வேகவதிக்கு நீலக்கோடு

வார்டு உறுப்பினரான புதிதில், கூட்டத்துக்கு வரும் காகிதங்களைப் பிரித்தாலே எனக்குத் தூக்கம் வந்துவிடும். பிளவுஸ் தைத்துக்கொண்டும், பட்டுப்புடவை முந்தானைக்குக் குச்சம் கட்டிக்கொண்டும் இருந்தவள் நான். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் தெருவே சேர்ந்து என்னை நிற்க வைத்தது. எனக்காக அதிகம் அலைந்தவன் என் கொழுந்தன். வேகவதி ஆற்றங்கரையில் வண்டி கழுவும் ஷெட் வைத்திருக்கிறான். தேர்தல் முடியும்வரை அதைப் பூட்டிவிட்டு, ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எனக்காகத் தொண்டை கட்டக் கத்தினான்.

ஒரு நாள் வந்த காகிதம் மட்டும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வேகவதியின் இரு கரையிலும் கொஞ்சம் நிலத்தை அரசாங்கம் ஆற்றுக்கென்று ஒதுக்கப் போகிறதாம்; அதற்கு எங்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். அதற்குள் புதிதாகக் கட்டடம் கட்டக்கூடாது, வீட்டுத் தறி தவிர வேறு தொழில் நடத்தக்கூடாது. மரம் வைக்கலாம், நடைபாதை போடலாம், பிள்ளைகள் விளையாடலாம். குடியிருக்கிற வீடுகளை இடிக்க மாட்டார்கள். மாடி ஏற்றத்தான் முடியாது. படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வரியில் வந்து நின்றுவிட்டேன். அந்த நிலத்தை, ஓடுகிற தண்ணீரின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

கோடையில் வந்து பார்த்தால் எங்கள் வேகவதி ஒரு வாய்க்கால். அங்கிருந்து அளந்தால், பெருமழை வருடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற மனைகளெல்லாம் கோட்டுக்கு வெளியே போய்விடும். மறுமாதமே அங்கே அடுக்குமாடி எழும்பும்.

திட்டப் பிரிவில் இருந்த பெண் பொறியாளரிடம் ஓடினேன். என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வெள்ளம் எதுவரை வந்தது என்று காட்ட முடிந்தால் அந்த வரியை மாற்றச் சொல்லி மன்றத்தில் கேட்கலாம், ஆனால் கூட்டத்துக்கு முன்பே காட்ட வேண்டும் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டின் நீலப் பெயின்டோடு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில் கேட்டேன், தண்ணீர் எங்கே நின்றது என்று. அந்தம்மா வாசற்படியைக் காட்டினாள்; அங்கே ஒரு நீலக்கோடு இழுத்தேன். எதிர் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை; தன் வீட்டில் ஜன்னல்வரை வந்தது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான், தெரு பற்றிக்கொண்டது. தறியை நிறுத்திவிட்டு ஆண்கள் வந்தார்கள். மிதந்து போன கிரைண்டரைப் பற்றி ஒருவர் சொல்ல, அதைத் தான்தான் பிடித்துக் கட்டியதாக இன்னொருவர் சண்டைக்கு நின்றார். ஆளுக்கொரு பிரஷ் கேட்டார்கள். பெயின்ட் தீர்ந்து மறுபடி ஆள் அனுப்பினோம். வேலைக்கு நடுவே அந்தப் பொறியாளரும் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். கோடு வீடு வீடாக நகர நகர, அவள் அளந்துகொண்டே பின்னால் வந்தாள். விடுமுறை நாளில் இப்படி ஒரு வேலையா என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

கடைசியாக என் கொழுந்தனின் ஷெட். அது சின்ன மேட்டின்மேல் இருக்கிறது; காகிதத்தில் இருந்த கணக்குப்படி அளவுக்கு வெளியே. வெள்ளத்தின்போது அந்தப் பக்கம் எங்களில் யாரும் போகவில்லை. மேடு முழுகவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். மேட்டுக்குக் கீழே கோட்டை முடிக்கக் குனிந்தேன். அவன் சட்டையெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே வந்தான்.

"அங்க இல்ல அண்ணி. மேடும் முழுகிச்சு. நான் கம்ப்ரசரை எடுக்க நீந்திக்கினு வந்தேன். ஷெட்டுக்குப் பின்னாடி, அந்தப் புங்க மரம் வரைக்கும் தண்ணி இருந்துது."

எனக்குக் கை நின்றுவிட்டது. "கோடு அங்க போனா உன் ஷெட்டு உள்ள மாட்டிக்கும்பா."

"தெரியுது. ஊரே உண்மையை சொல்லிக்கினு இருக்குது, நான் மட்டும் மறைக்கறதா? ஆனா ஒண்ணு. நான் எங்க போய் பொழைக்கறது? அதையும் நீங்கதான் அங்க பேசணும்."

பிரஷ்ஷை அவனிடமே கொடுத்தேன். மரத்தில் அவனே கோடு போட்டான்.

மன்றத்தில் என் முறை வந்ததும் எழுந்தேன். பேச ஆரம்பித்ததும் எங்கிருந்தோ எனக்குக் குரல் வந்தது. பொறியாளர் நீலக்கோட்டுப் படங்களைத் திரையில் ஓட்டினாள். கரையில் மனை வைத்திருந்த ஓர் உறுப்பினர், பெண்கள் சுவரில் கோலம் போட்டதற்கெல்லாம் சட்டம் மாறுமா என்று கேட்டார். என் தெருப் பெண்கள் இருபது பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து, "எங்க வீட்டுக்கு வாங்க சார், தண்ணி ஊறின பீரோவைக் காட்றேன்" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளம் தொட்ட இடம்வரை ஆற்றுக்கே விட வேண்டும் என்றும், கரையில் பிழைப்பவர்களுக்கு வேறு இடம் கொடுத்த பிறகே காலி செய்யச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டேன். கைகள் எழுந்தன. முதலில் முன்வரிசை, அப்புறம் நான் எதிர்பார்க்காத பக்கமெல்லாம். பரிந்துரை நிறைவேறியது என்று தலைவர் சொன்னது என் காதில் விழவே இல்லை. பொறியாளர் என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது.

அந்த வரியைத் திருத்திய அரசாணை வரச் சில மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகு கொழுந்தனுக்கு ஏனாத்தூர் சாலையில் இடம் கிடைத்தது. முதலில் ஆள் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். காலேஜ் பிள்ளைகளின் பைக்குகள் வர ஆரம்பித்ததும் சரியாகிவிட்டான். ஐப்பசியில் நல்ல மழை பிடித்த ஒரு பகல், போன் செய்து பாலத்துக்கு வரச் சொன்னான். மேலே தாமல் ஏரி நிரம்பி வேகவதியில் வழிகிறதாம். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பாலத்தில் பாதி வார்டு நின்றது. வேகவதி அகலமாக, செம்மண் நிறத்தில் புரண்டு வந்து, காலியாகக் கிடந்த மனைகளில் பரவிப் படுத்துக்கொண்டது. எங்கள் தெருவுக்குள் வரவில்லை. நனைந்துகொண்டே சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.