உள்ளறையில் காய்ந்த ஓவரோல்

அந்த ஓவரோலை நான் ஏன் வீட்டுக்குள் கொண்டுபோனேன்? என் கணவர் இதைக் கேட்டு இரண்டு மாதமாகிறது.

அவர் விஞ்ஞானப் பட்டதாரி. படித்து முடித்து நெடுநாள் வேலையில்லாமல் இருந்தார். மகள் என் வயிற்றில் இருந்தபோதுதான் திருகோணமலையில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் பட்டதாரிப் பயிலுநராகச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு பேருக்கும் ஊர் புதிது.

அவரோடு இன்னும் மூன்று பட்டதாரிகள் சேர்ந்தார்கள். முதல் நாள் நான்கு பேரும் வெள்ளைச் சேர்ட்டும் சான்றிதழ்க் கோப்புமாகப் போய் நின்றார்களாம். பட்டறையின் தலைமை மெக்கானிக் ஆளுக்கொரு சுத்தியலைக் கையில் கொடுத்து, கரையில் ஏற்றி வைத்திருந்த இழுவைப் படகில் துருத் தட்டச் சொல்லியிருக்கிறார்.

"நாங்கள் மேற்பார்வைக்கு வந்தனாங்கள்" என்றாராம் ஒருவர்.

"ஓம் தம்பி. முதல்ல உதுக்குக் கீழ படுத்துக் கிடந்து பாருங்கோ. மேல நிண்டு பிறகு பார்க்கலாம்."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுக்கோ பட்டம் எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன் என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மற்ற மூவரில் ஒருவர் அடுத்த கிழமையே நின்றுவிட்டார். இன்னொருவர் கையுறை தந்தால்தான் சுத்தியலைத் தொடுவேன் என்று ஒரு மாதம் நிழலில் இருந்துவிட்டு ஆசிரியராகப் போனார். மூன்றாமவருக்கு மாமனார் எங்கோ ஒரு கந்தோரில் எழுத்து வேலை பிடித்துக் கொடுத்தார். இவர் மட்டும் நின்றார். பிள்ளை பிறக்கப் போகிறது, வேறு வழியில்லாமல் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதற் கிழமை முடிந்த சனிக்கிழமை, வயிற்றோடு நான் குனியக் கூடாதென்று அவரே கிணற்றடியில், பட்டறையில் போடத் தந்த ஓவரோலைத் தோய்த்தார். தடித்த நீலத் துணி. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் துருவும் எண்ணெயும் மணக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய் முற்றத்துக் கொடியைப் பார்த்தபடி நின்றார். வேலிக்கு அங்கால் யாரோ கதைக்கும் சத்தம் கேட்டது. நான் போய் அவர் தோளிலிருந்து அதை எடுத்து, உள்ளறையில் ஒரு கயிறு கட்டிக் காயப் போட்டேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பிப் போனார். தயங்கி நின்ற மனுசனுக்கு ஓர் உதவி செய்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று தொடங்கி அது வழக்கமாகிவிட்டது. காலையில் வெள்ளைச் சேர்ட்டோடு சைக்கிளில் போவார். ஓவரோலைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுப்பேன். கேட்பவர்களுக்கு, "ஹாபருக்குள்ள கந்தோர் வேலை" என்பேன். உள்ளே அது தொங்குவதால் ஒருவரையும் வீட்டுக்குள் கூப்பிட ஏலாது. மகள் பிறந்து பார்க்க வந்தவர்களைக்கூட வாசலில் கதிரை போட்டு இருத்தி, பிள்ளையை வெளியே தூக்கிவந்து காட்டினேன். மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பார்கள். மெல்ல மெல்ல ஒருவரும் வராமல் விட்டார்கள்.

அவரிடமும் கதை குறைந்துபோனது. பின்னேரம் வந்து மண்ணெண்ணெயும் தேசிக்காயும் போட்டு விரல்களைத் தேய்ப்பார். நகக்கண் கறுப்புப் போகும்வரை பிள்ளையைத் தூக்கமாட்டார். வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று பயந்தேன். பகலெல்லாம் துறைமுகத்திலிருந்து இரும்பில் இரும்பு அடிபடும் சத்தம் வரும். அதில் எது அவருடையது என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு மாரி வந்தது. ஓவரோல் மூன்று நாளானாலும் காயாது. அதே அறையில்தான் மகள் தூங்கும் ஏணை. அவளுக்கு இருமல் பிடித்து, நெஞ்சில் இழுப்பும் கேட்கத் தொடங்கியது. கிளினிக்கில் தாதி, "ஈர உடுப்பை வீட்டுக்குள்ள காயப் போடுறீங்களோ?" என்று கேட்டார். "இல்லை மிஸ்" என்றேன். பொய் சொல்லிவிட்டு, வழி நெடுகப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு வந்தேன்.

மழை விட்டு வெயில் எறித்த முதல் நாள், அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், இருந்த இரண்டு ஓவரோல்களில் ஈரமாய்த் தொங்கியதை எடுத்துக் கொண்டுபோய் முற்றத்துக் கொடியில் போட்டேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ராத்தா எட்டிப் பார்த்தார். மூதூர் முஸ்லிம் பெண், அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள்; கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை.

"என்ன புள்ள, இண்டைக்குத்தான் இதுக்கு வெயில் காட்ட மனசு வந்திச்சா?"

"உங்களுக்குத் தெரியுமோ ராத்தா?"

"நல்ல கதை! எங்கட ஆளும் அங்கதானே. நாலு படிச்ச பொடியன்மார் வந்ததில உங்கட ஆள் ஓராள்தான் மிச்சமெண்டு சொல்லுவார். என்ஜினைக் கழட்டிப் பூட்டினா ஓராணி மிஞ்சாதாம். பாட்டுப் படிச்சிப் படிச்சித்தான் வேலையாம். அந்தப் பாட்டுக்காகவே எங்கட ஆள் சோத்துப் பார்சலையும் தூக்கிட்டு அங்க போய்க் குந்துறவர். உங்களுக்கென்ன, ஊட்டில தினம் கேப்பீங்க."

"ஓம்" என்றேன். கல்யாணம் செய்த நாள் முதல் அவர் பாடி நான் ஒரு முறையும் கேட்டதில்லை.

பின்னேரம் அவர் சைக்கிளைச் சாத்தும்போதே சொன்னேன். "இஞ்ச பாருங்கோ, கோவிக்காதேங்கோ. பிள்ளைக்கு இருமல் எண்டு ஓவரோலை வெளியில போட்டனான். பக்கத்து வீட்டுக்கு முந்தியே தெரியுமாம்."

"நான் ஏன் கோவிக்க வேணும்?" என்றார். கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முதல் நாளும் நான் வெளியில போடத்தான் போனனான். நீரெல்லோ உள்ளுக்குக் கொண்டு போனனீர். ஏன் கொண்டு போனனீர்?"

"நீங்கள் தயங்கிக்கொண்டு நிண்டீங்கள்..."

"கொடி பாரம் தாங்குமோ எண்டு பார்த்தனான்."

சேர்ட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். புல்மோட்டையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. "உமக்குக் கந்தோர் வேலைதான் விருப்பமெண்டு மனுப் போட்டனான். கிடைச்சிட்டுது."

போகாதேங்கோ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். கணவன் ஒரு முடிவோடு நிற்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவள் நான். "உங்கட விருப்பம்" என்றேன். அடுத்த கிழமை அவர் மட்டும் பஸ் ஏறிப் போனார்.

இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு முறை, சனிக்கிழமையில் வருகிறார். அவருடைய வெள்ளைச் சேர்ட்டுகளை ஒழுங்கை முழுவதும் பார்க்க வெளியே காயப் போடுகிறேன். மகளின் இருமல் நின்றுவிட்டது. அவர் நகங்கள் சுத்தமாக இருக்கின்றன, வந்தவுடன் பிள்ளையைத் தூக்குகிறார். ஒரு பாட்டுப் படியுங்கோ என்று போன முறை கேட்டேன். "பழக்கம் விட்டுப்போச்சு" என்றார். ராத்தாவை உள்ளே கூப்பிட்டு இருத்தத் தடையேதும் இல்லை. ஆனாலும் விளக்கேற்றும் நேரம் வீட்டில் நானும் பிள்ளையும்தான். இரும்புச் சத்தம் இன்னும் வருகிறது. அதில் அவருடையது இல்லை என்று தெரியும்.

போன கிழமை ராத்தா ஒரு சேதி கொண்டுவந்தார். அடுத்த பட்டதாரிகள் வைகாசியில் வரும்வரை இவருடைய இடத்தைத் தலைமை மெக்கானிக் நிரப்பாமல் வைத்திருக்கிறாராம். வர விருப்பமென்றால் சொல்லட்டுமாம். மறுநாள் எங்கள் அறைக்கயிற்றை அவிழ்த்தேன். ஓவரோல் இரண்டையும் மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

சேதியை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி, "வாங்கோ" என்றால், எனக்காகப் போனவர் எனக்காகவே திரும்பி வருவார். அவருடைய விருப்பம் எது என்று இந்த முறையும் எனக்குத் தெரியாமல் போகும். வெறும் சேதியாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால், நான் கந்தோர் வேலையைத்தான் விரும்புகிறேன் என்று மறுபடி நினைப்பார். கொடியில் அந்த ஓவரோல்களைப் போட்டுவிட்டு அவர் வரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாமா என்றும் யோசிக்கிறேன். ஒன்றும் பேசாமல் செய்ததுதானே முதலிலும் பிழையாய்ப் போனது. இதை வாசிக்கும் அக்காமாரே, தங்கச்சிமாரே, என் இடத்தில் நீங்கள் இருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்? வைகாசிக்கு முன் எழுதுங்கள்.