அம்மாவின் காப்பிக்கு ஒரு கிளியரன்ஸ்

என் அம்மா எட்டு வருடம் காப்பி குடிக்கவில்லை. சர்க்கரை வியாதி இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. எங்கேயோ பனி கொட்டும் தேசத்தில் ஐஸ் மேல் சறுக்கி ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் காரணம். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த எட்டு வருடமும் அந்த வீட்டில் இருந்து அனுபவித்தவள் நான்.

நாங்கள் இருந்தது புனேயில், கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். அப்பா டூல் ரூமில் ஃபிட்டர். வீட்டுக்குள் வட ஆற்காட்டுத் தமிழ். வாசலைத் தாண்டினால் இந்தி, மராட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். ஐந்தேகாலுக்கு அப்பாவின் சைக்கிள் வாசலில் நிற்கும். கேம்ப் பஜார் கடையில் அரைத்து வாங்கிய பொடியில் அம்மா டிக்காஷன் இறக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, பாலைக் கலந்து இரண்டு டம்ளர் எடுத்து வருவாள். அப்பாவுக்கு நாற்காலி, அம்மாவுக்கு சமையலறை வாசற்படி. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு நாளில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். நாங்கள் யாரும் அந்த நேரத்தில் குறுக்கே போக மாட்டோம்.

தொண்ணூறுகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனுக்குக் கேபிள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் போடுகிறேன் என்று சொல்லித்தான் கேபிள்காரன் இணைப்புக் கொடுத்தான். போடவில்லை. அந்தக் கடுப்பில் அம்மா சேனலாகத் தள்ளிக்கொண்டே போனபோது இந்தப் பெண் வந்தாள். நீலச் சட்டை, பதினாறு வயது இருக்கும், என் வயசுதான். ஒரு எம்பு எம்பி காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கினாள். அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தவள்தான்.

"ஐயோ, இன்னாடி இது, இவளுக்குத் தலை சுத்தாதா?"

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக் காகுவும் வந்து உட்கார்ந்தாள். காகு என்றால் மராட்டியில் சித்தி. அவள் வீட்டில் டிவி உண்டு, கேபிள் இல்லை. பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று அவள் வீட்டுக்காரர் விடவில்லை. அம்மாவுக்கு மராட்டி அரைகுறை, காகுவுக்குத் தமிழ் சுத்தமாக வராது. ஆனால் அந்தப் பெண் எம்பும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுடைய பெயர் இருவர் வாயிலும் நுழையவில்லை. அம்மாவுக்கு அவள் "நம்ம பொண்ணு", காகுவுக்கு "ஆப்லி முல்கி". இரண்டும் ஒன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பொண்ணு பத்தாவது படிக்கிறேன், இங்கே உட்கார்ந்து எவளையோ நம்ம பொண்ணு என்கிறாளே என்று. ஆனால் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்கு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பெரிய போட்டி வந்தது. அவளுக்குத்தான் தங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவது எம்பலிலேயே விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கண்ணீரோடு சிரித்துக்கொண்டே ஆடி முடித்தாள். நாலாவது இடம். காகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் லைன் கோடியில் இருந்த முருகன் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து சொன்னாள்:

"நம்ம பொண்ணு அந்தத் தங்கத்தை வாங்கற வரைக்கும் நான் காப்பிய நாக்குல வெக்க மாட்டேன்னு வேண்டிகினேன்."

அப்பா அப்போதுதான் டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். "வேற எதுவும் கெடைக்கலியா உனக்கு? கத்திரிக்காய விடேன், பாவக்காய விடேன்!"

"புடிக்காதத விட்டா அது வேண்டுதலா?" என்றாள் அம்மா.

அதோடு விடவில்லை. செவ்வாய்தோறும் அர்ச்சனை. பூசாரி பேர், நட்சத்திரம் கேட்பார். அந்தப் பெண்ணின் பெயர் வாயில் நுழையாது, நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? அம்மா என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு வந்தாள். "ஒரே வயசுதானே, சாமிக்கு ஆள் தெரியாதா?" என்றாள். கணக்கில் எப்போதும் முக்கி முனகும் நான் பத்தாவதில் முதல் வகுப்பில் பாஸானேன். சாமிக்கு ஆள் தெரியவில்லை என்று அப்பா சொன்னார்.

அன்றிலிருந்து ஐந்தேகால் மணிக்கு ஒரு டம்ளர்தான் வந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்வதை விட்டுவிட்டாள். வாசனை பிடித்தாலே ஆசை வருகிறது என்று அந்த நேரத்தில் கொடியில் துணி எடுக்கப் போய்விடுவாள். அப்பா தனியாக நாற்காலியில் உட்கார்ந்து குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். நான் காலேஜ் போகத் தொடங்கியதும் வீட்டுக் காப்பியை விட்டேன். எதனாலோ பிடிக்கவில்லை, கட்கித் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'வழுக்கி விளையாட்டு' என்று கிண்டல் செய்துகொண்டிருந்த அப்பாதான் கடைசியில் எல்லோரையும்விடப் பெரிய ரசிகர் ஆனார். அவள் ஜெயித்தால்தானே பெண்டாட்டி வாசற்படிக்குத் திரும்பி வருவாள்! ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். எந்த எம்பலுக்கு எவ்வளவு மார்க் என்று அவருக்கு அத்துப்படி. அவள் உலக சாம்பியன் ஆன அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் லைனுக்கே பேடா வாங்கி வந்தார்.

"இந்தா, ஜெயிச்சிட்டா. காப்பி போடு, ரெண்டு டம்ளர்."

"இது வேற தங்கம்," என்றாள் அம்மா.

"தங்கத்துல இன்னா வேற?"

"நான் வேண்டிகினது அது. இது இல்ல."

அடுத்த வருடமும் உலக சாம்பியன் ஆனாள். அதுவும் வேற தங்கம். அப்பா அன்று பேடா வாங்கவில்லை. பிறகு மறுபடி அந்தப் பெரிய போட்டி வந்தது. விழாமல் ஆடினாள், அழகாக ஆடினாள், ஆனால் ஒரு சின்னப் பெண் அவளைவிட ஒரு எம்பல் கூடுதலாக எம்பிவிட்டாள். வெள்ளி. அம்மா அழவில்லை. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்ச் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் செயினுக்கு முதல் நாள்தான் எண்ணெய் விட்டிருந்தார். "இன்னும் நாலு வருஷம்," என்றார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதற்கு மூன்றரை வருடம் கழித்து, அடுத்த பெரிய போட்டிக்குச் சில மாதம் முன்னால், அப்பா ரிடையர் ஆனார். ஃபேக்டரியில் ரிடையர் ஆவது சாமானியமில்லை. கிளியரன்ஸ் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர், கேன்டீன், லைப்ரரி, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு செக்ஷனாகப் போய், இந்த ஆள் எங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் ஆளை விட மாட்டார்கள். அப்பாவுக்கு ஸ்டோரில் மாட்டிக்கொண்டது. எப்போதோ எடுத்த ஒரு ஸ்பானர் பேரேட்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. மூன்று வாரம் அலைந்தார். கடைசியில் அவருடைய ஃபோர்மேன் தாளை வாங்கி, ஸ்பானருக்கு நேரே 'வேலையில் தேய்ந்து போனது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், முடிந்தது. மாலை போட்டு, திறந்த ஜீப்பில் ஏற்றி, டோல் மேளம் அடித்து, குலால் பொடி தூவி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா ஒரு டம்ளரை வைத்துவிட்டுக் கொடிக்குப் போனாள். அப்பா என்னிடம் சொன்னார்: "ரிடையர் ஆனப்பால ரெண்டு பேரும் உக்காந்து குடிக்கலாம்னு இருந்தேன்மா."

எனக்கு அப்போது விமான் நகரில் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் மேய்ந்துகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. முழங்கால் சரியில்லை, இனிமேல் போட்டிகளில் இல்லை என்று அவள் அறிவித்துவிட்டாள். கீழே ரசிகர்கள் எழுதியிருந்தார்கள். ஒருத்தி நாளெல்லாம் அழுதாளாம். ஒருத்தன் இனி டிவியே பார்க்க மாட்டானாம். என் அம்மா எட்டு வருடமாகக் காப்பி குடிக்கவில்லை, இப்போது என்ன செய்வது என்று நானும் தட்டினேன். பிறகு அழித்துவிட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு இதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், சுற்றி வளைக்காமல், "அம்மா, நம்ம பொண்ணு ரிடையர் ஆயிட்டா" என்றேன்.

நாற்காலியிலிருந்து அப்பாதான் முதலில் கத்தினார். "இன்னாது? ரிடையரா? இருபத்தி நாலு வயசுல இன்னா ரிடையர்? நான் அறுவது வரைக்கும் நின்னுகினே வேலை பாக்கல?"

சத்தம் கேட்டுக் காகு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அஸ கஸ சாலேல்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இது எப்படிச் சரியாகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், ஏதோ நான்தான் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்ட மாதிரி.

அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள். "ரொம்ப வலிக்குதாமா அவளுக்கு?" என்றாள்.

"ஆமாம்மா. ரெண்டு ஆபரேஷன்."

"போதும். அவ கஷ்டப்பட்டது போதும்," என்றாள். அப்புறம்தான் கண் நிறைந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு பருப்பைக் கடையத் தொடங்கினாள்.

"அப்ப காப்பி?" என்றார் அப்பா.

"வாங்கற வரைக்கும்னுதானே சொன்னேன். வாங்கல. அவ்ளோதான்."

"இனிமே அவ வாங்கவே மாட்டாளே!"

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. "உனக்கு அறிவிருக்கா? சாகற வரைக்கும் இப்படியே இருப்பியா? அவ பாட்டுக்கு ஷூவக் கழட்டி வெச்சிட்டுப் போயிட்டா, உனக்கு மட்டும் என்ன?" என்று கத்தினேன். காகு தன் பங்குக்கு, கணபதியிடம் சொல்லி நேர்ந்ததை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அம்மா இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. அப்பா மட்டும் கத்துவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு காலை அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஃபேக்டரித் தாள் போலவே. மேலே 'கிளியரன்ஸ்'. கீழே செக்ஷன் வரிசை: கேபிள், பக்கத்து வீடு, மகள், புருஷன், கோயில். திருப்பித் தர வேண்டிய பொருள் என்ற கட்டத்தில், 'தங்கம் – ஒன்று'. குறிப்பு என்ற கட்டத்தில் தன் குண்டுக் கையெழுத்தில், 'வேலையில் தேய்ந்து போனது'.

கேபிள்காரனிடம் அவரே போய்க் கையெழுத்து வாங்கினார். காகு மராட்டியில் போட்டாள். நான் போட்டேன், கோபம் தீரவில்லை, ஆனாலும் போட்டேன். அப்பா தன் பெயருக்கு நேரே போட்டுவிட்டுத் தாளை அம்மாவிடம் நீட்டினார். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். அந்தக் கடைசிக் கட்டத்தில் அவள் விரல் நின்றது.

"கோயில் கையெழுத்து இல்லியே," என்றாள்.

எல்லோரும் கோயிலுக்குப் போனோம். பூசாரியும் ஃபேக்டரியில் இருந்து ரிடையர் ஆனவர்தான். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "மத்த செக்ஷன்லாம் ஆயிடுச்சா? அப்ப சரி," என்று சொல்லி சாமி காலடியில் வைத்து எடுத்து, மூலையில் விபூதி தடவிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஐந்தேகாலுக்கு இரண்டு டம்ளர் வந்தது. நான் உள்ளறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாள்.

"இன்னாங்க இது?"

"காப்பி."

"இதையா எட்டு வருஷமா குடிச்சிகினு இருந்தீங்க? கழுநீர் மாதிரி கீது. டிக்காஷன் ஒரு பக்கம், பாலு ஒரு பக்கம். ஒரு தபாகூட சொல்லல?"

அப்பா தன் டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்: "நீ வாயில வெக்காம போட்டுக் குடுக்கற. உங்கிட்ட போயி நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அம்மா எழுந்து அப்பாவின் கையிலிருந்த டம்ளரையும் பிடுங்கி, இரண்டையும் தொட்டியில் கவிழ்த்தாள். "உக்காருங்க, வேற போடறேன்," என்றாள்.

புது டிக்காஷன் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.